பிஆர் குடும்பம், எச்டிபி மறுவிற்பனை வீடு: "இந்தியர் கோட்டா நிறைந்துவிட்டது" என்றால் அடுத்து என்ன செய்வது?

கயல்_உட்லண்ட்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எச்டிபி (அரசு வீடமைப்புக் கழகம்) வீடு வாங்கல் விற்றலில் விவரம் தெரிந்தவர்கள் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நானும் கணவரும் இந்தியக் குடியுரிமை வைத்திருக்கும் பிஆர் (நிரந்தரவாசிகள்). இருவருக்கும் பிஆர் கிடைத்து 3 ஆண்டு தாண்டிவிட்டது. உட்லண்ட்ஸ், ஈசூன் பக்கம் நாலறை மறுவிற்பனை வீடு பார்க்கிறோம். பிடித்துப்போன வீடு ஒன்று 600,000 வெள்ளி. உரிமையாளர் சீனர். எச்டிபி தளத்தில் புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) எண்ணைப் போட்டால் இந்தியர்/மற்றவர் பிரிவில் வாங்க முடியாது என்று வருகிறது. ஏஜெண்ட்டோ, "கோட்டா மாதாமாதம் மாறும், அடுத்த மாதம் திறந்துவிடும். இப்போதே ஆப்ஷன் போட்டு வைங்க, இல்லாட்டி வேற ஆள் எடுத்துடுவாங்க" என்கிறார்.

அவர் சொல்வதை நம்பி ஆப்ஷன் (சிறு தொகை கொடுத்து, வாங்கும் உரிமையைப் பிடித்து வைக்கும் ஒப்பந்தம்) போடலாமா? கையில் எவ்வளவு ரொக்கம் வைத்திருக்க வேண்டும்? பிறகு நாங்கள் விற்கும்போதும் இதே கோட்டா எங்களைத் தடுக்குமா?

இன்னொன்று. இப்போதைய வாடகை ஒப்பந்தம் முடியப்போகிறது. வாடகைக்கு வீடு கேட்டால் "இந்தியர் வேண்டாம்", "சமைக்கக் கூடாது" என்கிறார்கள். ஓர் ஏஜெண்ட் "வாடகைக்கும் இனக் கோட்டா உண்டு" என்றே சொன்னார். உண்மையா?

புளோக்கணக்கு

ஆப்ஷன் போடாதீர்கள். ஏஜெண்ட் சொன்னதில் பாதிதான் உண்மை.

எந்த இனத்தாருக்கு எத்தனை வீடு என்ற எண்ணிக்கை ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி புதுப்பிக்கப்படுகிறது, அது சரி. ஆனால் எப்போது இடம் திறக்கும்? அங்கே குடியிருக்கும் இந்தியர் அல்லது மற்றவர் குடும்பம் ஒன்று சீனருக்கோ மலாய்க்காரருக்கோ விற்றுவிட்டுப் போனால்தான். இந்தியர் இந்தியருக்கு விற்றால் கணக்கு இம்மியும் அசையாது. அப்படி யார் எப்போது விற்பார் என்று ஏஜெண்ட்டால் சொல்லவே முடியாது. மாதக்கணக்கில் மூடியே கிடக்கும் புளோக்குகள் உண்டு.

ஆப்ஷன் வாங்கும் நாளில் கோட்டா முடிவாவதில்லை. மறுவிற்பனை விண்ணப்பம் எச்டிபிக்குப் போகும்போதுதான் பார்ப்பார்கள். ஆப்ஷன் கட்டணம் 1 வெள்ளியிலிருந்து 1,000 வெள்ளி வரை. அதன் ஆயுள் 21 நாள், வாரயிறுதியும் சேர்த்து. 21ஆம் நாள் மாலை 4 மணிக்கு முடிந்துவிடும். அதற்குள் ஆப்ஷனை உறுதிப்படுத்தினால், ஆப்ஷன் கட்டணமும் உறுதிப்படுத்தும் தொகையும் சேர்த்து 5,000 வெள்ளி வரை போகும். வீட்டின் மதிப்பைக் கேட்டு எச்டிபிக்கு அனுப்பும் மதிப்பீட்டுக் கோரிக்கைக்கு 120 வெள்ளி தனி. அதன்பின் கோட்டாவால் விண்ணப்பம் நின்றால் அந்தப் பணத்துக்காக நீங்கள்தான் அலைய வேண்டும். "கோட்டா கிடைக்காட்டி பணத்தைத் திருப்பித் தர்றோம்" என்று தனித்தாளில் எழுதிக் கொடுத்தாலும் அதை நம்பி இறங்காதீர்கள். எச்டிபியின் ஆப்ஷன் படிவத்துக்கு வெளியே போடும் விற்பனை ஒப்பந்தம் செல்லாது.

இப்போது வரம்புகள், அதாவது மொத்த வீடுகளில் ஒவ்வொரு பிரிவினரும் வைத்திருக்கக்கூடிய அதிகபட்சப் பங்கு. ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு உண்டு, ஒன்று வட்டாரத்துக்கு, ஒன்று புளோக்குக்கு.

சீனர்: வட்டாரம் 84%, புளோக் 87%
மலாய்க்காரர்: வட்டாரம் 22%, புளோக் 25%
இந்தியர்/மற்றவர்: வட்டாரம் 12%, புளோக் 15%
மலேசியர் அல்லாத பிஆர் குடும்பம்: வட்டாரம் 5%, புளோக் 8%

இரண்டில் எது நிறைந்தாலும் கதவு அடைத்ததுதான். 100 வீடுள்ள புளோக்கில் இந்தியர்/மற்றவர் வீடு 9தான் இருக்கிறது என்று வையுங்கள். புளோக் வரம்புக்கு இன்னும் 6 இடம் பாக்கி. ஆனால் வட்டாரம் 12%ஐத் தொட்டிருந்தால் அந்த 6 இடத்தாலும் பயனில்லை. 'மற்றவர்' என்பதில் யூரேசியர், ஃபிலிப்பீன்ஸ்காரர் போன்றோரும் அடக்கம். ஊரிலிருந்து வந்த நாமும், மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழரும் ஒரே எண்ணிக்கையில்தான் வருகிறோம்.

நிறைந்தது புளோக்கா வட்டாரமா என்று கண்டுபிடிக்க, சுற்றியுள்ள ஏழெட்டு புளோக் எண்களையும் அதே பக்கத்தில் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் 'முடியாது' வந்தால் வட்டாரம் நிறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். அங்கே காத்திருப்பது வீண். பக்கத்துப் புளோக்கில் 'முடியும்' வந்தால் தடை அந்த ஒரு புளோக்கோடு சரி. வட்டாரம் என்றால் உட்லண்ட்ஸ் முழுவதும் என்று நினைக்காதீர்கள். ஒரு நகரத்தைப் பல வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், பெரிய சாலையைத் தாண்டினால் வேறு வட்டாரமாக இருக்கலாம்.

இந்தியர் வரம்பு நிறைந்த இடத்திலும் நீங்கள் வாங்க ஒரு வழி உண்டு: விற்பவர் இந்தியர்/மற்றவர் பிரிவாக இருக்க வேண்டும். ஏஜெண்ட்டிடம் வீட்டு விலையைக் கேட்கும் முன்னால் உரிமையாளர் எந்த இனம், சிட்டிசனா பிஆரா என்று கேட்டுவிடுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும். ஆனால் இங்கே அந்தக் கேள்வி இல்லாமல் வீடு நகராது.

உங்களுக்கு இரண்டாவது பூட்டும் இருக்கிறது, அது பிஆர் கோட்டா. 2010 மார்ச் 5 முதல் நடப்பில் உள்ளது. அது நிறைந்த இடத்தில் மலேசியர் அல்லாத பிஆர் குடும்பம் விற்கும் வீட்டைத்தான் நீங்கள் வாங்க முடியும். இரண்டும் நிறைந்திருந்தால் விற்பவர் இரண்டு நிபந்தனைக்கும் பொருந்த வேண்டும். அப்படி ஒருவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. வாங்கும் முன் உங்களில் ஒருவர் சிட்டிசன் ஆகி உரிமையாளராகச் சேர்ந்தால் பிஆர் கோட்டா பொருந்தாது. இனக் கோட்டா அப்போதும் பொருந்தும்.

பணம். 600,000 வெள்ளி விலை, எச்டிபி ஏற்கும் மதிப்பு 580,000 என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன்.

மதிப்புக்கு மேற்பட்ட 20,000 முழுக்க ரொக்கம். அதற்கு வங்கியும் தராது, மத்திய சேமநிதியிலிருந்தும் எடுக்க முடியாது. இருவரும் பிஆர் என்பதால் எச்டிபி கடன் கிடையாது, வங்கிக் கடன்தான். முதல் வீட்டுக் கடன் என்றால் அதிகபட்சம் 75%, அதாவது 435,000. மீதி 145,000இல் குறைந்தது 29,000 ரொக்கமாக இருக்க வேண்டும், 116,000ஐச் சேமநிதியிலிருந்து எடுக்கலாம். வாங்குபவர் முத்திரை வரி 12,600 (முதல் 180,000க்கு 1%, அடுத்த 180,000க்கு 2%, மீதி 240,000க்கு 3%). பிஆர் முதல் வீடு வாங்கினாலும் கூடுதல் முத்திரை வரி 5% உண்டு, அது 30,000. இதைப் பலர் மறந்துவிட்டுக் கடைசி வாரத்தில் கடன் கேட்டு அலைகிறார்கள். தம்பதியில் ஒருவர் சிட்டிசனாக இருந்து, இருவர் பேரிலும் வேறு வீடு இல்லையென்றால் இந்த 5%க்கு விலக்குக் கோரலாம்.

ஆக, ரொக்கமாகவே கொடுத்தாக வேண்டியது 49,000. முத்திரை வரிகள் 42,600. வழக்கறிஞர், ஏஜெண்ட் கட்டணம் தனி. மாதத் தவணை இருவரின் மொத்த மாத வருமானத்தில் 30%ஐத் தாண்டக் கூடாது, வங்கி ஒப்புக்கொண்டாலும் சரி.

ஊரில் உங்கள் பேரில் வீடோ அடுக்குமாடி வீடோ இருக்கிறதா? தகுதிக் கடிதத்துக்கு (எச்எஃப்இ) விண்ணப்பிக்கும்போதே அதை அறிவித்துவிடுங்கள். தஞ்சாவூரில் அப்பா எழுதிவைத்த வீடுதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. தெரியவந்தால் வீட்டையே எச்டிபி எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் போகக்கூடிய விஷயம் அது.

சாவிக்கொத்து

வாங்குவதைப் பற்றி மேலே நன்றாகச் சொல்லிவிட்டார். நான் வாடகைக் கேள்விக்கு வருகிறேன்.

சகோதரி, வாடகைக்கு இனக் கோட்டா கிடையாது. அப்படிச் சொன்ன ஏஜெண்ட் அறியாமல் சொல்லியிருக்கலாம், அல்லது உரிமையாளர் சொன்ன 'வேண்டாம்' என்பதை விதி மாதிரி மாற்றிச் சொல்லியிருக்கலாம். உள்ளது வேறு கோட்டா: சிட்டிசன் அல்லாதவர் கோட்டா, 2014இல் வந்தது. முழு வீட்டையும் மலேசியர் அல்லாத வெளிநாட்டினருக்கோ பிஆருக்கோ வாடகைக்கு விடுவதற்கு மட்டும் பொருந்தும். வட்டாரத்தில் 8%, புளோக்கில் 11%. வீட்டில் ஓர் அறையை மட்டும் எடுத்தால் இதுவும் இல்லை. பிரிட்டிஷ்காரர் என்றாலும் இந்தியர் என்றாலும் ஒரே எண்ணிக்கை, இனம் எதுவென்று அதில் கேள்வியே இல்லை. அடுத்த முறை யாராவது "கோட்டா" என்றால் "எந்தக் கோட்டா?" என்று கேளுங்கள். சிட்டிசன் அல்லாதவர் கோட்டா என்றால் எச்டிபி தளத்தில் அப்போதே பார்த்துவிடலாம்.

"இந்தியர் வேண்டாம்" என்பதற்கு வருவோம். தனி உரிமையாளர் ஒருவர் இனத்தைச் சொல்லி வாடகைக்கு மறுத்தால் அவரைப் பிடிக்கத் தனிச் சட்டம் இல்லை. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் வேலைக்குத்தான், வீட்டுக்கு இல்லை. இது பெரிய ஓட்டை என்பதே என் கருத்து. வேலைக்கு ஆள் எடுப்பதில் தவறு என்று ஏற்றுக்கொண்ட ஒன்று, படுக்க இடம் தருவதில் மட்டும் எப்படிச் சரியாகும்?

ஆனால் ஏஜெண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் சொத்து முகவர் மன்றத்தில் பதிவு செய்தவர், நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். இனத்தைச் சொல்லி ஒதுக்கும் விளம்பரம் போட்டால் மன்றத்தில் புகார் செய்யலாம். புகாருக்கு வேண்டியவை: விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் (தேதி தெரிய வேண்டும்), ஏஜெண்ட்டின் பதிவு எண் (ஆர் என்று தொடங்கி, எண்கள், கடைசியில் ஓர் எழுத்து), வாட்ஸ்அப் உரையாடல் அழிக்காமல். தொலைபேசியில் சொன்னதாக இருந்தால், உடனே வாட்ஸ்அப்பில் "நீங்கள் சொன்னபடி உரிமையாளர் இந்தியர் வேண்டாம் என்கிறார், சரிதானே?" என்று மரியாதையாக ஒரு வரி அனுப்பிவிடுங்கள். பதில் வந்தால் அதுவே எழுத்துச் சான்று. அந்த வீடு இதனால் கிடைக்கப்போவதில்லை, ஆனால் அடுத்த விளம்பரத்தில் அந்த வரி இருக்காது.

சமையல். "லைட் குக்கிங்" என்ற சொல்லை ஒப்பந்தத்தில் அப்படியே விடாதீர்கள், பின்னால் வரும் சண்டை எல்லாம் அதிலிருந்துதான் கிளம்பும். உரிமையாளர் மனதில் அது நூடுல்ஸ் கொதிக்க வைப்பது. நமக்கு மீன் வறுக்காவிட்டால் லைட். அவர்கள் பயம் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கும் சுவரில் ஒட்டும் மஞ்சளும்தான். அதற்கு நேராக மருந்து கொடுங்கள்: தினமும் சமைக்கலாம், அடுப்புக்கு மேலுள்ள புகை உறிஞ்சியின் (ஹூட்) வடிகட்டி மாதம் ஒருமுறை கழுவப்படும், காலி செய்யும்போது சமையலறைக்கு மட்டும் தொழில்முறைத் துப்புரவு வாடகைதாரர் செலவில். இப்படி மூன்று வரி எழுதிக் கொடுத்தவுடன் இறங்கிவரும் உரிமையாளர்கள் நிறைய. சாவி வாங்கும் அன்றே அடுப்புக்குப் பின்னாலிருக்கும் ஓடுகளையும், ஓட்டுக்கு ஓடு நடுவே உள்ள சிமெண்ட் கோட்டையும், மேலே அலமாரியின் அடிப்பக்கத்தையும் கிட்டே வைத்துப் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். முன்பணத்தில் கழிக்கும்போது கை வைக்கும் இடம் அதுதான்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் குடியேறும் முன் உரிமையாளர் எச்டிபியிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும், அந்த அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். பிஆர் உரிமையாளர் முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது. ஓர் அறையில் தன் சாமான்களைப் பூட்டிவிட்டு மொத்த வீட்டையும் உங்களிடம் விட்டுவிட்டு வேறெங்கோ குடியிருப்பதும் மீறல்தான். பிடிபட்டால் நீங்களும் வெளியே. குறைந்தபட்சக் காலம் 6 மாதம், மலேசியர் அல்லாத பிஆருக்கும் வெளிநாட்டினருக்கும் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 2 ஆண்டு. நாலறையும் அதற்கு மேலும் உள்ள வீட்டில் உறவினர் அல்லாதவர் 6 பேர் வரை என்றிருந்தது, 2024 ஜனவரி 22 முதல் தற்காலிகமாக 8 ஆக்கியிருக்கிறார்கள்.

முன்பணம் வழக்கமாக ஆண்டுக்கு ஒரு மாத வாடகை. அதை உரிமையாளர் கணக்குக்கே அனுப்புங்கள். எச்டிபி வாடகையில் ஏஜெண்ட் அந்தப் பணத்தைக் கையில் வாங்கவே கூடாது, "என் கணக்குக்குப் போடுங்க, நான் கொடுத்துடறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4%. மாதம் 1,200 வெள்ளிக்கு ஓர் அறை, ஓராண்டு என்றால் 57 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும். இந்தச் சின்னத் தொகையை மிச்சம் பிடித்தால், முன்பணம் திரும்பாதபோது ஒப்பந்தம் சான்றாக ஏற்கப்படாது. முத்திரை இருந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம்: 2 ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை, 20,000 வெள்ளி வரை, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள். அங்கே வக்கீல் வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் முடியாது.

தெம்பனிஸ்_மாறன்

விவரமெல்லாம் சரி. ஆனா கோட்டாவையே ஒரு தடையா மட்டும் பார்க்கிறது எனக்கு ஒப்பல. இந்தக் கொள்கை 1989 மார்ச் 1ல வந்தது. அதுக்கு முன்னாடி பிடோக், தெம்பனிஸ் பக்கத்துல சில வட்டாரங்கள்ல மலாய்க்காரங்க 30 விழுக்காட்டைத் தாண்டிட்டாங்க, ஹவ்காங் பக்கம் சீனர் 90 விழுக்காட்டைத் தாண்டிட்டாங்க. கம்பங்களை (பழைய கிராமக் குடியிருப்புகளை) கலைச்சு மாடி வீட்டுக்குக் கொண்டுவந்தப்ப கலந்துதான் குடிவச்சாங்க, ஆனா மறுவிற்பனைச் சந்தை திறந்த பிறகு தங்களுக்குத் தாங்களே மறுபடி பிரிஞ்சு போக ஆரம்பிச்சாங்க. 1964 இனக் கலவரத்தைப் பார்த்த தலைமுறை அதைப் பார்த்துட்டுச் சும்மா இருக்காது.

இந்த ஊர்ல 10 குடும்பத்துல ஏறக்குறைய 8 எச்டிபில இருக்கு. வீடு கலந்தாத்தான் பள்ளிக்கூடம் கலக்கும், ஈரச்சந்தை கலக்கும். நம்ம புளோக் கீழ்த்தளத்துல சனிக்கிழமை மலாய்க் கல்யாணம் நடக்கும், அதே இடத்துல புதன்கிழமை சீனர் இழவு வீட்டு மேசை போட்டிருக்கும். லண்டன்லயும் பாரிஸ்லயும் புதுசா வந்தவங்க ஒரு மூலையில ஒதுங்கிப்போன கதை இங்க நடக்கல. நம்ம ஆளுங்களும் கோட்டா இல்லாட்டி ஒரே இடத்துலதான் போய்க் குவிஞ்சிருப்போம்.

அப்புறம் ஒண்ணு. 1989ல இந்தியர்/மற்றவர் வரம்பு 10, 13 தான். 2010லதான் 12, 15 ஆக்கினாங்க. மக்கள்தொகை மாறினதைப் பார்த்துதான் செஞ்சாங்க. கல்லுல எழுதினது இல்ல அது.

புளோக்கணக்கு

மாறன், கலந்து வாழ வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. வாடகை பற்றி மேலே சொன்னதைப் பாருங்கள்: விதி இல்லாத இடத்தில் மறுப்பு எவ்வளவு வெளிப்படையாக நடக்கிறது என்று. விற்பனையில் விதி இருப்பதால்தான் சீனர் மட்டுமே இருக்கும் புளோக் உருவாக முடியவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் பேச வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியிருப்பாளர்களில் சீனர் 74.3%, மலாய்க்காரர் 13.5%, இந்தியர் 9%. இந்தியர் வரம்பு நிறைந்த இடத்தில் விற்கும் சீனர் இழப்பது பத்தில் ஒன்றுக்கு சற்று மேல் வாங்குபவர்களை. அவர் அதை உணரவே மாட்டார். சீனர் வரம்பு நிறைந்த இடத்தில் விற்கும் இந்தியரோ மலாய்க்காரரோ இழப்பது நான்கில் மூன்று பங்கு வாங்குபவர்களை. விலையைக் குறைத்தாலன்றி விற்காது, ஆண்டுக்கணக்கில் இழுக்கும். விதி எல்லாருக்கும் ஒன்று, சுமை ஒன்றல்ல. 2021இல் இது நாடாளுமன்றத்தில் பேசப்பட்டபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு புளோக் ஏதாவதொரு வரம்பைத் தொட்டிருப்பதாக அரசே சொன்னது. அந்த விவாதத்துக்குப் பிறகுதான், கோட்டாவால் விற்க முடியாமல் தவிப்பவரின் வீட்டை எச்டிபி தானே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் வந்தது. குறை இல்லாமலா அதைக் கொண்டுவந்தார்கள்? பொது நன்மைக்கான செலவைப் பொதுப் பணத்திலிருந்து ஈடுகட்டுவதுதான் முறை; அந்த ஏற்பாடு அந்தத் திசையில் ஒரு சின்ன அடி.

கயல்_உட்லண்ட்ஸ்

எல்லாருக்கும் மிக்க நன்றி. சொன்ன மாதிரி பக்கத்துப் புளோக்குகளைப் போட்டுப் பார்த்தேன். பிடித்த வீட்டைச் சுற்றி எல்லாமே 'முடியாது'. சாலைக்கு அந்தப் பக்கம் இந்தியர் பிரிவுக்கு 'முடியும்' வருகிறது, பிஆருக்கும் முடியும். அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் விற்கிறது, அதே அளவு, அதே மாடி உயரம், ஆனால் 25,000 வெள்ளி குறைவு. அவசரமாக ஊர் திரும்புகிறார்களாம். எடுத்துவிடலாமா?

புளோக்கணக்கு

அவசரம்தான் காரணமா என்று பாருங்கள். அதே பக்கத்தில் அந்த புளோக்குக்குச் சீனர் வாங்க முடியுமா என்று போட்டுப் பாருங்கள். 'முடியாது, சீனர் விற்றால் மட்டும்' என்று வந்தால், 25,000 குறைந்ததற்குக் காரணம் அதுதான். இன்று உங்களுக்கு லாபமாகத் தெரியும் அதே தள்ளுபடியை நாளை நீங்களும் கொடுக்க வேண்டிவரும்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடையும் இதிலேயே இருக்கிறது. நீங்கள் விற்கும்போது இந்தியர் வரம்பு நிறைந்திருந்தால் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், இந்திய வாங்குநர்கள் உங்களைத் தேடிவருவார்கள். சீனர் வரம்பு நிறைந்திருந்தால்தான் தொல்லை. அதனால் வாங்கும் முன்னாலேயே விற்பவர் இடத்தில் உங்களை வைத்து ஒருமுறை பாருங்கள். இரண்டும் சேர்ந்து நிறைய முடியுமா என்றால், புளோக் அளவில் முடியாது (87உம் 15உம் சேர்ந்தால் 100ஐத் தாண்டும்), வட்டார அளவில் முடியும் (84உம் 12உம் சேர்ந்து 96).

5 ஆண்டு குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியாமல் விற்க முடியாது, அதற்குள் நிலைமை எந்தப் பக்கமும் மாறலாம். ஆனால் 87%ஐ முட்டி நிற்கும் புளோக் ஐந்தாண்டில் சட்டென்று தளர்ந்துவிடும் என்று எதிர்பார்த்து இறங்காதீர்கள். சீனர் சீனருக்கு விற்றால் எண்ணிக்கை நகராதல்லவா.

சிக்கிக்கொண்டால் உள்ள வழி: எச்டிபிக்கு மேல்முறையீடு. முதலில் விற்கக் கூடுதல் அவகாசம் கேட்கலாம், மிகச் சில சூழல்களில் வரம்பையே தளர்த்துவார்கள். எச்டிபி தானே வாங்கும் ஏற்பாட்டுக்கு வீடு உங்களிடம் குறைந்தது 10 ஆண்டு இருந்திருக்க வேண்டும், முதல் மேல்முறையீட்டிலிருந்து 6 மாதமாவது உண்மையாக விற்க முயன்றிருக்க வேண்டும். ஆக, 6ஆம் ஆண்டில் ஊர் திரும்ப நினைப்பவருக்கு அது உதவாது. விளம்பரப் பதிவுகள், வந்து பார்த்தவர்கள் விவரம், மறுத்த விலைகள் எல்லாம் சேர்த்து வைத்தால்தான் முயன்றதைக் காட்ட முடியும்.

சாவிக்கொத்து

புளோக்கணக்கு சொன்ன சோதனையில் வீடு தேறிவிட்டால், நாள் கணக்கை மட்டும் கவனியுங்கள்.

எச்எஃப்இ கடிதம் கையில் இல்லாமல் ஆப்ஷன் வாங்க முடியாது. அது வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகலாம், வந்தபின் 9 மாதம் செல்லும். வங்கியின் முன் ஒப்புதலையும் அதே சமயத்தில் வாங்கிவிடுங்கள். விற்பவர் விற்கும் எண்ணத்தைப் பதிவு செய்து 7 நாள் கழிந்திருக்க வேண்டும், அதற்கு முன் அவர் ஆப்ஷன் தரக் கூடாது.

பிறகு, மாதம் 1ஆம் தேதி கோட்டாவைப் பார்த்து, 2ஆம் தேதியே ஆப்ஷன் வாங்குங்கள். அடுத்த வேலை நாளுக்குள் மதிப்பீட்டுக் கோரிக்கை அனுப்பியாக வேண்டும், அது உங்கள் வேலை, ஏஜெண்ட் அனுப்பியிருப்பார் என்று விட்டுவிடாதீர்கள். மதிப்பு வந்ததும், 21 நாள் முழுதும் காத்திராமல், வழக்கறிஞரைக் கேட்டு ஆப்ஷனை உறுதிப்படுத்துங்கள். வாங்குபவர், விற்பவர் இருவரில் ஒருவர் மறுவிற்பனை விண்ணப்பம் போட்ட 7 நாளுக்குள் மற்றவரும் போட வேண்டும் என்பது விதி. நீங்களும் விற்பவரும் ஒரே நாளில் போட்டுவிடுவதாகப் பேசிவையுங்கள், மாதம் முடிவதற்குள். 18ஆம் தேதி ஆப்ஷன் வாங்கி அடுத்த மாதம் 5ஆம் தேதி விண்ணப்பம் போடுகிறவர்கள்தான் நடுவில் 1ஆம் தேதி புதுப்பிப்பில் மாட்டுகிறார்கள். விண்ணப்பக் கட்டணம் 80 வெள்ளி, இரு தரப்புக்கும் தனித்தனி. எச்டிபி ஏற்றுக்கொண்டதிலிருந்து சாவி கைக்கு வர ஏறக்குறைய 8 வாரம். உங்கள் வாடகை ஒப்பந்தத்தை அதற்குத் தகுந்தபடி நீட்டித்துக் கேளுங்கள். 6 மாதத்துக்குக் குறைந்து புது ஒப்பந்தம் போட முடியாது, ஆகவே இப்போதைய உரிமையாளரிடமே பேசிவிடுவது நல்லது.